ஜூலை நாலு: அமெரிக்காவுக்கு வந்த தமிழர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஜூலை நாலு அமெரிக்காவின் சுதந்திர தினம். ஜூன் பிறந்தாலே கேள்விகள் ஆரம்பித்துவிடும். "அன்னைக்கு என்ன பண்ணுவாங்க?", "நாம போகலாமா?", "பட்டாசு எங்கே கிடைக்கும்?" புதிதாக வந்தவர்கள் மட்டும் கேட்பதில்லை. வீடு வாங்கி, பிள்ளை காலேஜ் போகிற வரைக்கும் இங்கேயே இருப்பவர்களும் சில சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளாமலே காலம் தள்ளுகிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே தொகுத்திருக்கிறேன். கொண்டாட்டம் நாடு முழுவதும் ஒன்றுதான். சட்டதிட்டம் மட்டும் ஸ்டேட்டுக்கு ஸ்டேட், ஊருக்கு ஊர் மாறும். அதனால் சில பதில்கள் "உங்கள் ஊரில் விசாரியுங்கள்" என்றுதான் முடியும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஜூலை நாலு அன்னைக்கு என்னதான் நடந்துச்சு? வெள்ளைக்காரன் அன்னைக்குத்தான் கிளம்பிப் போனானா?

இல்லை. நம் ஆகஸ்ட் 15 ஆட்சி கைமாறிய நாள். இது "இனி உன்னோடு இல்லை" என்று அறிவித்த நாள். பிரிட்டனோடு சண்டை 1775 ஏப்ரலிலேயே தொடங்கிவிட்டது. பிரிட்டன் ஒப்புக்கொண்டு பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தானது 1783-ல். நம் வரலாற்றில் இதற்கு நெருக்கமான தேதி, பூரண சுயராஜ்யம் என்று உறுதி எடுத்துக்கொண்ட 1930 ஜனவரி 26.

இதிலும் ஒரு வேடிக்கை. பிரிவதென்று பிலடெல்பியாவில் கூடிய காங்கிரஸ் (காலனிகளின் பிரதிநிதிகள் சபை) ஓட்டுப் போட்டது 1776 ஜூலை 2-ல். ஜூலை 4-ல் நடந்தது, அந்த முடிவை விளக்கும் சுதந்திரப் பிரகடனத்தின் வாசகத்தை ஏற்றுக்கொண்டது. பெரும்பாலானோர் கையெழுத்துப் போட்டது ஆகஸ்ட் 2-ல். பிற்பாடு ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ் தன் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், வருங்காலத்தில் ஜூலை 2-ஐத்தான் ஊர்வலமும் விளக்கொளியுமாகக் கொண்டாடுவார்கள் என்று எழுதினார். கொண்டாட்டத்தைச் சரியாகக் கணித்தவர் தேதியைக் கோட்டைவிட்டார். அவரும், பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சனும் இறந்தது ஒரே நாளில், 1826 ஜூலை 4 அன்று.

நாங்க எச்-1பி வேலை விசாவுல இருக்கோம். சிட்டிசன் ஆகாதவங்க இதுல கலந்துக்கலாமா? யாராவது ஏதாவது சொல்வாங்களா?

தாராளமாகக் கலந்துகொள்ளலாம். பரேடு நடப்பது பொதுச் சாலையில், வாணவேடிக்கை விடுவது பொதுப் பூங்காவில். யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. நாற்காலியை விரித்துப் போட்டு உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார், அவ்வளவுதான். புதிதாக வந்தவர்களுக்கும் இந்த நாளுக்கும் பழைய உறவே உண்டு. வர்ஜீனியாவில் ஜெஃபர்சன் வாழ்ந்த மான்டிசெல்லோ மாளிகையில் 1963 முதல் ஜூலை 4 அன்று குடியுரிமைப் பிரமாண விழா நடத்துகிறார்கள்.

"இந்தியனா இருந்துக்கிட்டு இதைக் கொண்டாடுறது சரியா" என்று மனசு உறுத்துகிறவர்களும் உண்டு. குடியிருக்கும் தெருவில் திருவிழா நடந்தால் எட்டிப் பார்ப்பதில் துரோகம் ஒன்றும் இல்லை என்பது என் கருத்து.

கட்டாயம் லீவு உண்டா? எங்க மேனேஜர் ஒண்ணும் சொல்லலையே?

1870 முதல் இது ஃபெடரல் (மத்திய அரசு) விடுமுறை. ஆனால் அது அரசு அலுவலகங்களைத்தான் கட்டுப்படுத்தும். தனியார் கம்பெனி சம்பளத்தோடு லீவு கொடுத்தே ஆக வேண்டும் என்று ஃபெடரல் சட்டம் எதுவும் இல்லை. பெரும்பாலான கம்பெனிகள் தாமாகவே கொடுக்கின்றன. கன்சல்டிங் கம்பெனி மூலம் கிளையன்ட் இடத்தில் வேலை செய்பவர்கள், மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர்கள் முன்கூட்டியே ஹெச்ஆரிடம் கேட்டுவிடுங்கள்.

சனிக்கிழமை வந்தால் அரசு ஊழியர்களுக்கு முந்தைய வெள்ளி லீவு, ஞாயிறு வந்தால் மறுநாள் திங்கள். 2026-ல் சனிக்கிழமை, அதுவும் 250-வது ஆண்டு. வங்கி, தபால் நிலையம், பங்குச் சந்தைக்கு அன்று வேலை இல்லை. காஸ்ட்கோவும் மூடியிருக்கும், சாமான் வாங்குவதை முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

பூஜை, படையல் மாதிரி வீட்ல செய்ய வேண்டியது ஏதாவது இருக்கா? ஒரு நாள் முழுக்க என்னதான் பண்ணுவாங்க?

வீட்டில் செய்தாக வேண்டியது என்று எதுவும் இல்லை. காலையில் ஊர் பரேடு, மதியம் கொல்லைப்புறத்திலோ பூங்காவிலோ கிரில், இருட்டியதும் வாணவேடிக்கை. இவ்வளவுதான். மூன்றுக்கும் போக வேண்டும் என்பதில்லை.

வாஷிங்டன் நேஷனல் மால், பாஸ்டனில் சார்ல்ஸ் ஆற்றங்கரை, நியூயார்க்கில் மேசிஸ் கடை நடத்தும் வாணவேடிக்கை எல்லாம் பெயர் பெற்றவை. கூட்டமும் பெயர் பெற்றதுதான். முதல் வருடத்துக்கு நான் சொல்வது உங்கள் சொந்த ஊர் பரேடு. தீயணைப்பு வண்டி, பள்ளி பேண்டு, பழைய கார்கள், சைக்கிளுக்குக் காகிதத் தோரணம் கட்டிய குழந்தைகள், எறியும் மிட்டாயைப் பொறுக்க ஓடும் கூட்டம். ரோட் ஐலண்டில் பிரிஸ்டல் என்ற சிற்றூர் 1785 முதல் விடாமல் இந்த நாளைக் கொண்டாடி வருகிறது. இதைப் பெரிய நகரத்தை விட சின்ன ஊர்கள்தான் நன்றாகச் செய்கின்றன.

பக்கத்து வீட்டுக்காரர் குக்கவுட்டுக்குக் கூப்பிட்டிருக்கார். நாங்க சுத்த சைவம். போய் என்ன சாப்பிடுறது?

கூப்பிட்டபோதே சொல்லிவிடுங்கள். "நாங்கள் இறைச்சி, மீன், முட்டை சாப்பிட மாட்டோம், எங்களுக்கானதை நாங்களே கொண்டு வருகிறோம்" என்றால் எவரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லாமல் போய்ப் பட்டினியாக உட்கார்ந்திருந்தால்தான் அவர்களுக்குச் சங்கடம். மசாலா தடவிய பனீர், குடைமிளகாய், சோளக்கதிர் எல்லாம் கிரிலுக்கு ஏற்றவை. அதே கம்பியில் மாட்டிறைச்சி வெந்திருக்கும் என்பதால், அலுமினியத் தாளில் சுற்றிக் கொடுத்து "தாளோடு அப்படியே வையுங்கள்" என்று கேளுங்கள்.

பார்வைக்குச் சைவமாக இருந்து ஏமாற்றுவது நிறைய. பேக்டு பீன்ஸில் பன்றி இறைச்சித் துண்டு கிடக்கலாம். உருளைக்கிழங்கு சாலடில் முட்டை சேர்ப்பது வழக்கம். குழந்தைகள் நெருப்பில் வாட்டித் தின்னும் மார்ஷ்மெல்லோவிலும், கலர் கலராய் ஆடும் ஜெல்லோவிலும் இருப்பது விலங்கிலிருந்து எடுத்த ஜெலட்டின். ஜெலட்டின் இல்லாத மார்ஷ்மெல்லோ கடையில் கிடைக்கும். ஒரு பாக்கெட் கையோடு கொண்டு போனால் பிள்ளை அழாது.

"சும்மா வாங்க, ஒண்ணும் வேண்டாம்"னு சொல்றாங்க. வெறுங்கையோட போகலாமா?

போகாதீர்கள். தர்பூசணி, ஜூஸ், ஒரு பை ஐஸ் எது வேண்டுமானாலும் போதும். ஐஸ் எந்த வீட்டிலும் பாதியில் தீர்ந்துவிடும். சமைத்துக் கொண்டுபோவதானால் கையில் எடுத்துத் தின்னும் பண்டமாக இருக்கட்டும், மசால் வடை மாதிரி. முந்திரி, நிலக்கடலை போட்டிருந்தால் சொல்லிவிடுங்கள். இங்கே கடலை அலர்ஜி விளையாட்டல்ல.

பிக்னிக்குக்குப் புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கிட்டுப் போகலாமா? ஊர்ல ரயில்ல கொண்டு போவோமே?

புளியோதரைக்குப் புளியும் எண்ணெயும் கொஞ்சம் காவல். தயிர் சாதத்துக்கு அந்தக் காவல் இல்லை. கெட்டுப்போகக்கூடிய உணவு வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் என்பது இங்கே விவசாயத் துறை சொல்லும் கணக்கு. அந்தக் கணக்குக்குப் புளியோதரையும் விலக்கல்ல. ஐஸ் போட்ட கூலரில் வைத்து, சாப்பிடும்போது மட்டும் வெளியே எடுங்கள். குடிக்கிற தண்ணீருக்குத் தனிக் கூலர் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் நிமிடத்துக்கு ஒரு முறை திறந்து மூடினால் சாப்பாட்டுக் கூலரின் குளிர்ச்சி போய்விடும்.

அம்மா அப்பா ஊர்லேர்ந்து வந்திருக்காங்க. மெட்ராஸ் வெயிலைப் பார்த்தவங்களுக்கு இது ஒரு வெயிலா?

இந்தக் கேள்வியில்தான் எனக்குக் கொஞ்சம் பயம். மெட்ராஸ் வெயிலில் உச்சிப் பொழுதில் அவர்கள் வெளியே நின்றதில்லை. மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்தார்கள். இங்கே பரேடு என்று பத்து மணிக்குக் கூட்டிப் போய், நிழலே இல்லாத தார்ச்சாலையில் இரண்டு மணி நேரம் நிறுத்துகிறோம். பாத்ரூம் எங்கே என்று தெரியாததால் அவர்கள் தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இரட்டை ஆபத்து.

மரத்தடியில் இடம் பிடியுங்கள், குடை கொடுங்கள், பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று முதலிலேயே காட்டிவிடுங்கள். தலைசுற்றல், வாந்தி வந்தால் உடனே நிழலுக்கோ ஏசிக்கோ கூட்டிப் போக வேண்டும். பேச்சு குழறினாலோ மயங்கினாலோ உடனே 911 என்ற அவசர எண். இன்ஷூரன்ஸ் கார்டு அவர்கள் பையிலேயே இருக்கட்டும். இதெல்லாம் தொல்லை என்றால் பரேடை விட்டுவிட்டு மாலை நிகழ்ச்சிக்கு மட்டும் கூட்டிப் போங்கள்.

வாணவேடிக்கை எத்தனை மணிக்கு? குழந்தை எட்டு மணிக்கே தூங்கிடுமே?

ஜூலையில் சூரியன் மறையவே நேரமாகும். நியூயார்க், டாலஸ் பக்கம் எட்டரையைத் தாண்டும், சியாட்டிலில் ஒன்பது மணிக்கு மேல். இருட்டிய பிறகுதான் விடுவார்கள், ஆகவே ஒன்பதேகால், ஒன்பதரை என்று வையுங்கள். வடக்கே பத்து மணி. மதியம் குழந்தையை நன்றாகத் தூங்க வையுங்கள். காதை மூடும் இயர்மஃப் வாங்கிக்கொள்ளுங்கள், கைக்குழந்தைக்கு அது அவசியம்.

பார்ப்பதை விடப் பார்க்கிங்கில் இருந்து வெளியே வருவதற்குத்தான் நேரம் பிடிக்கும். கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு நடப்பது உத்தமம். காட்டுத்தீ பயம் உள்ள மேற்கு ஸ்டேட்களில் சில ஊர்கள் பட்டாசுக்குப் பதில் டிரோன் காட்சி வைக்கின்றன. ஆசையோடு போய் சத்தமே இல்லை என்று ஏமாறாமல், ஊர் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நாமளே வீட்டு முன்னாடி பட்டாசு வெடிக்கலாமா? ஊர்ல தீபாவளிக்கு வெடிக்கிறவங்கதானே நாம?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். மூன்று அடுக்காகப் பாருங்கள். முதலில் ஸ்டேட். மாசசூசெட்ஸில் தனியார் எந்தப் பட்டாசும் வைத்திருக்கவோ வெடிக்கவோ கூடாது. கலிபோர்னியாவில் மேலே பறக்காத, வெடிக்காத வகைகளுக்கு மட்டும் சில ஊர்கள் அனுமதி தருகின்றன. பென்சில்வேனியா 2017-ல் சட்டத்தைத் தளர்த்தியது, ஆனாலும் ஆள் இருக்கும் கட்டடத்திலிருந்து 150 அடி தள்ளி வெடிக்க வேண்டும். நெருக்கமான டவுன்ஹோம் தெருவில் 150 அடிக்கு எங்கே போவது?

அடுத்து ஊர். ஸ்டேட் அனுமதித்ததை ஊர் தடுக்கலாம். டெக்சாஸில் ஊர் எல்லைக்கு வெளியே கடை போட்டு விற்பார்கள், ஊருக்குள் வெடித்தால் பெரும்பாலான இடங்களில் அபராதம். மூன்றாவது உங்கள் அபார்ட்மென்ட் லீஸ் அல்லது ஹெச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்). மூன்றும் சரி என்றால்தான் தீப்பெட்டியை எடுக்க வேண்டும். கடையில் விற்கிறார்களே என்பது அனுமதி ஆகாது. விசாரிக்க வேண்டிய இடம் ஊர்த் தீயணைப்புத் துறை. அவசர எண்ணுக்கு அடித்துக் கேட்காதீர்கள்.

கம்பி மத்தாப்பு குழந்தைங்க சமாச்சாரம்தானே? அதுலயுமா சட்டம்?

ஆமாம். நியூ ஜெர்சி 2017 வரை அதையும் தடுத்துத்தான் வைத்திருந்தது. முந்தின பதிலில் சொன்ன மாசசூசெட்ஸில் இன்றும் தடை. சட்டம் கிடக்கட்டும், எரியும் மத்தாப்பின் நுனி 2,000 டிகிரி ஃபாரன்ஹீட் வரை போகும், அதாவது ஏறக்குறைய 1,100 செல்சியஸ். சின்னக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, எரிந்து முடிந்த கம்பியை அதில் போடுங்கள். ஊரில் தரையில் போட்டு அதை மிதித்து அலறியவர்கள் எல்லார் குடும்பத்திலும் உண்டு. பற்றாமல் போன வெடியைத் திரும்பப் பற்ற வைக்கக் கூடாது. சற்றுப் பொறுத்துத் தண்ணீரில் நனைத்துவிட வேண்டும்.

நியூ ஹாம்ப்ஷயர்ல வாங்கி பாஸ்டனுக்குக் கொண்டு வரலாமா? ஃப்ளைட்ல?

எல்லையை ஒட்டிக் கடை இருப்பதே இந்த ஆசையை நம்பித்தான். வாங்கிய இடத்தில் சட்டப்படி வாங்கியிருந்தாலும் பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸுக்குள் கொண்டுவந்தால் குற்றம். பறிமுதல் செய்வார்கள், அபராதமும் உண்டு. விமானத்தில் கைப்பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது, மத்தாப்பு உட்பட.

போலீஸ் பிடிச்சா விசாவுக்கு, கிரீன் கார்டுக்குப் பிரச்சினை வருமா அண்ணா?

ஒரு சின்ன அபராதத்துக்காக ஊருக்கு அனுப்பிவிடுவது வழக்கமில்லை. ஆனால் குடியுரிமை விண்ணப்பத்தில் கைது, சைட்டேஷன் (போலீஸ் எழுதிக் கொடுக்கும் நோட்டீஸ்) பற்றிக் கேள்வி உண்டு. வருடங்கள் கழித்து அந்தக் காகிதத்தைத் தேட வேண்டியிருக்கும். எது வந்தாலும் நகலைப் பத்திரப்படுத்துங்கள், மறைக்காதீர்கள். கோர்ட்டுக்கு வரச் சொன்னால் குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

அன்றைக்கு நம்மவர்களுக்குப் பட்டாசை விடப் பெரிய ஆபத்து பீர். குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், தண்டனை வருவதற்கு முன்பே விசா ஸ்டாம்பை ரத்து செய்ய வெளியுறவுத் துறைக்கு விதி இருக்கிறது. அன்று சாலையில் போலீஸ் சோதனையும் அதிகம். கூலரோடு கிளம்பும்போதே யார் ஓட்டுவது என்று முடிவு செய்யுங்கள்.

எங்க நாய் அன்னைக்கு முழுக்க நடுங்குது. என்ன செய்ய?

நிகழ்ச்சிக்குக் கூட்டிப் போகாதீர்கள். ஜன்னல் மூடிய அறையில் டிவியோ மின்விசிறியோ ஓடவிடுங்கள். கழுத்துப் பட்டையில் போன் நம்பர் இருக்கட்டும், மிரண்டு ஓடிப்போகும் நாய்கள் அன்று நிறைய. ரொம்பவும் பயப்படும் நாய் என்றால் சில வாரம் முன்பே கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள், மருந்து உண்டு. போரிலிருந்து திரும்பிய ராணுவத்தினர் சிலருக்கும் இந்தச் சத்தம் தாங்காது. தெருவில் அப்படி யாராவது இருந்தால் வெடிப்பதற்கு முன் சொல்லிவிடுவது மரியாதை.

வீட்ல அமெரிக்கக் கொடி கட்டலாமா? கூடவே நம்ம கொடியும் வைக்கலாமா?

இரண்டும் செய்யலாம். அமெரிக்கக் கொடி நெறிமுறைப்படி இரு நாட்டுக் கொடிகளும் தனித்தனிக் கம்பத்தில், ஒரே உயரத்தில், ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்றுக்குக் கீழே ஒன்றாக ஒரே கயிற்றில் கட்டக் கூடாது. இரவில் வைத்திருந்தால் வெளிச்சம் வேண்டும். சுவரில் தொங்கவிட்டால் நட்சத்திரம் உள்ள நீலப் பகுதி பார்ப்பவருக்கு இடப்பக்கம் மேலே வரும். ஹெச்ஓஏ அமெரிக்கக் கொடியை அடியோடு தடுக்க முடியாது, 2006-ல் அதற்கென்றே சட்டம் வந்தது. அளவு, இடம் பற்றி நியாயமான விதி போடலாம். நம் கொடிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, அதற்கு அவர்கள் விதியைப் படியுங்கள்.

கொடி போட்ட டீ-ஷர்ட், பேப்பர் தட்டு எல்லாம் அவமரியாதை இல்லையா? நம்ம ஊர்ல கேஸ் போடுவாங்களே?

நம் ஊர்க் கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். இங்கேயும் நெறிமுறை கொடியை உடையாக்கக் கூடாது என்றே சொல்கிறது, ஆனால் தனிமனிதர் மீறினால் தண்டனை இல்லை. கொடியை எரிப்பதே கருத்துரிமைக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1989-ல் தீர்ப்புச் சொன்ன நாடு. அச்சிட்ட சட்டையை யாரும் கொடியாகவே பார்ப்பதில்லை. உங்களுக்கு மனசு ஒப்பவில்லை என்றால் வெறும் சிவப்பு, வெள்ளை, நீலம் போட்டுக்கொள்ளுங்கள்.

தேசிய கீதம் பாடும்போது நெஞ்சில் கை வைக்கணுமா?

எழுந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, பேசாமல் நிற்பது போதும். கை வைப்பது உங்கள் இஷ்டம், வைக்காவிட்டால் தண்டனை எதுவும் கிடையாது. பரேடில் கொடி கடந்து போகும்போது வேறு நாட்டுக் குடிமக்கள் நேராக நின்றால் போதும் என்று நெறிமுறையே சொல்கிறது.

என் பொண்ணு ஹைஸ்கூல். "அது வெள்ளைக்காரங்களுக்கு மட்டும் கிடைச்ச சுதந்திரம், நான் ஏன் கொண்டாடணும்"ங்கிறா. என்ன பதில் சொல்றது?

அவள் சொல்வதில் உண்மை இருக்கிறது என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதிய ஜெஃபர்சன், தன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர். அவருடைய வரைவில் அடிமை வணிகத்தைக் கண்டித்து இருந்த பகுதியைக் காங்கிரஸ் நீக்கிவிட்டது. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஃபிரெடெரிக் டக்ளஸ், 1852-ல் ரோச்செஸ்டர் நகரில் பேசும்போது, அடிமைக்கு உங்கள் ஜூலை நாலு எதைக் குறிக்கிறது என்று கேட்டார். அவர் பேசியது மறுநாள், ஜூலை 5 அன்று. அதே பேச்சில் பிரகடனத்தின் கொள்கைகளை அவர் தூக்கி எறியவில்லை, அவற்றின்படி நடக்கச் சொன்னார். அடிமை முறை 1865-ல் ஒழிந்தது. அதை நினைவுகூரும் ஜூன் 19, ஜூன்டீன்த், 2021-ல் ஃபெடரல் விடுமுறை ஆனது.

நம் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1923-ல், இங்கே குடியேறிய பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில், இந்தியர்கள் குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946-ல்தான் கதவு கொஞ்சம் திறந்தது. நம்மைப் போன்றவர்கள் குடும்பம் குடும்பமாக வர வழிவிட்டது 1965-ன் குடியேற்றச் சட்டம். கறுப்பின மக்கள் நடத்திய உரிமைப் போராட்டத்தின் வேகத்தில் வந்த சட்டம் அது. இவ்வளவும் கேட்ட பிறகு அவள் பரேடுக்கு வர மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள். ஐஸ்கிரீமுக்கு வருவாள்.

கடைசியா ஒண்ணு. ஜூலை நாலு முடிஞ்சதும் பட்டாசு பாதி விலைக்குக் கிடைக்குது. வாங்கி தீபாவளிக்கு வச்சுக்கலாமா?

இதைச் செய்யாத தமிழ்க் குடும்பங்கள் குறைவுதான். வாங்குவது எளிது, சிக்கல் வெடிக்கும் நாளில். ஜூலையில் வெடிக்க விடும் ஊர் அக்டோபரிலும் விடும் என்று சொல்ல முடியாது. பல ஊர்கள் ஜூலை நாலு, புத்தாண்டு என்று தேதி குறித்தே அனுமதி தருகின்றன. ஆகவே மேலே சொன்ன மூன்று அடுக்கையும் தீபாவளித் தேதிக்கு மறுபடி சரிபார்க்க வேண்டும். சில ஊர்களில் தனி அனுமதி கேட்டுத் தமிழ்ச் சங்கமோ கோவிலோ பொது இடத்தில் வெடிக்க ஏற்பாடு செய்யும், அங்கே போவது நிம்மதி.

எங்கே வைப்பது என்பது அடுத்த சிக்கல். கோடையில் கராஜ் அடுப்பு மாதிரி சுடும், வாட்டர் ஹீட்டர் நெருப்பும் பல வீடுகளில் அங்கேதான். பேஸ்மென்டில் ஈரம் ஏறிப் பாதி புஸ்வாணமாகிவிடும். அபார்ட்மென்டில் லீஸ் பெரும்பாலும் விடாது. உலர்ந்த, குளிர்ந்த, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடம் உங்கள் வீட்டில் இல்லையென்றால், பாதி விலைக்குக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.